பதவி முடியும் தறுவாயில் ஓர் அதிபர்

2017 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் குடியேற்ற விதிகளில் ஒரு மாற்றம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை எச்-1பி விசாவில் பணிபுரிந்த ஒருவர் வேலையை இழந்தால், அத்துடன் அந்நாட்டில் தங்கும் தகுதியையும் இழந்தவராகக் கருதப்பட்டார். புதிய விதி அவருக்கு 60 நாள் வரை அவகாசம் தந்தது. அதற்குள் அவர் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது பிள்ளைகளின் படிப்பையும் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் ஒழுங்காக முடித்துக்கொண்டு ஊர் திரும்பலாம். விதி நடைமுறைக்கு வந்த அன்று அதிபர் பராக் ஒபாமாவின் பதவிக்காலத்தில் மீதமிருந்தது மூன்றே நாள். அது அரசிதழில் வெளியானதும் 2016 நவம்பர் 18 அன்று, அதாவது டொனால்ட் டிரம்ப் அடுத்த அதிபராகத் தேர்வாகிப் பத்து நாள் கழித்துத்தான்.

2022-இன் இறுதியிலும் 2023-இன் தொடக்கத்திலும் தொழில்நுட்ப நிறுவனங்கள் அலை அலையாக ஆட்குறைப்பு செய்தபோது வேலை இழந்தவர்களில் என் சித்தி மகனும் ஒருவன். கைக்குழந்தையும் வீட்டுக்கடனுமாக இருந்த அவனுக்கு வேறொரு நிறுவனம் மனு தாக்கல் செய்தது அந்த 60 நாளுக்குள்தான். அவனைப் போன்ற ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்கள் அந்த மாதங்களில் பிடித்துக்கொண்டு நின்ற ஒரே கொம்பு, எல்லோரும் கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த ஓர் அதிபரின் கடைசி வாரத்தில் நட்டது. ஆகவே, இரண்டாம் பதவிக்காலத்தின் முடிவை நெருங்கும் அமெரிக்க அதிபர் செயலற்றவராகிவிடுகிறார் என்ற கருத்தை ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள முடிவதில்லை. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மை எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கருத்துக்கு அடிப்படையாகச் சுட்டப்படுவது அரசியலமைப்பின் 22-ஆவது திருத்தம். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932, 1936, 1940, 1944 என நான்கு முறை வென்ற பிறகு, ஒருவர் இரண்டு முறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்ற இத்திருத்தத்தை 1947-இல் காங்கிரஸ் நிறைவேற்றியது. 1951-இல் மாநிலங்கள் அதற்கு ஒப்புதல் அளித்தன. இதற்குக் கட்டுப்பட்ட முதல் அதிபர் டுவைட் ஐசனோவர். மறுபடியும் போட்டியிட முடியாத ஒருவரால் தன் கட்சிக்காரர்களுக்கு எதிர்கால நன்மை எதையும் உறுதியளிக்க முடியாது, எதிர்ப்பவர்களைத் தண்டிக்கவும் முடியாது, எனவே நாள் நெருங்க நெருங்க யாரும் அவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள் என்பது வாதம். கேட்பதற்குச் சரியாகவே தோன்றுகிறது. ஆனால் முதல் ஆளான ஐசனோவரிடமே அது முழுமையாகப் பொருந்தவில்லை. 1958 தேர்தலில் அவருடைய குடியரசுக் கட்சி படுதோல்வி அடைந்து, இரு அவைகளிலும் ஜனநாயகக் கட்சிக்கு மூன்றில் இரண்டு பங்கை நெருங்கிய பலம் கிடைத்தது. அப்படியிருந்தும், எட்டு ஆண்டுகளில் அவர் 181 மசோதாக்களைத் தடுப்பதற்குப் பயன்படுத்திய மறுப்பு அதிகாரத்தைக் காங்கிரஸால் முறியடிக்க முடிந்தது இரண்டே முறைதான். அவை இரண்டும் அவருடைய கடைசி இரண்டு ஆண்டுகளில் நடந்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். அதாவது அவர் பலம் குறைந்தது உண்மை. அது தீர்ந்துபோனது என்பது உண்மையல்ல.

இதை ஆராய்வதற்கு ரொனால்ட் ரீகனின் கடைசி இரண்டு ஆண்டுகளைவிடச் சிறந்த காலம் எனக்குத் தெரியவில்லை. 1986 நவம்பரில் அவர் கட்சி செனட்டை இழந்தது. அதே மாதம், ஈரானுக்கு இரகசியமாக ஆயுதம் விற்றதும், அந்தப் பணம் நிகரகுவா அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படையினருக்குத் திருப்பிவிடப்பட்டதும் அம்பலமாயின. 1987 அக்டோபர் 19 அன்று பங்குச் சந்தை சரிந்தது. நான்கு நாள் கழித்து, உச்ச நீதிமன்றத்துக்கு அவர் முன்மொழிந்த ராபர்ட் போர்க்கை செனட் 58-க்கு 42 என்ற வாக்கில் நிராகரித்தது. அந்த அக்டோபரில் ரீகனின் ஆட்சி அநேகமாக முடிந்துவிட்டது என்று எழுதியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏழே வாரம் கழித்து, டிசம்பர் 8 அன்று, அவரும் சோவியத் தலைவர் மிகைல் கோர்பச்சேவும் வாஷிங்டனில் நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். தரையிலிருந்து ஏவப்படும், 500 முதல் 5,500 கிலோமீட்டர் வரை செல்லும் ஏவுகணைகள் என்ற ஒரு வகை ஆயுதத்தையே முற்றிலும் ஒழிக்கும் ஒப்பந்தம் அது. எதிர்க்கட்சியின் பிடியில் இருந்த செனட், 1988 மே மாதம், 93-க்கு 5 என்ற வாக்கில் அதற்கு ஒப்புதல் அளித்தது. 1991-க்குள் இரு நாடுகளும் சேர்ந்து 2,692 ஏவுகணைகளை அழித்தன. 1988 ஆகஸ்டில், இரண்டாம் உலகப் போரின்போது முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கும் சட்டத்திலும் அவர் கையெழுத்திட்டார்.

அதே மனிதர், அதே செனட், அதே கடைசி ஆண்டுகள். போர்க்கின் நியமனத்தில் தோற்றவரால் ஏவுகணை ஒப்பந்தத்தில் வெல்ல முடிந்திருக்கிறது. போர்க்குக்குப் பின் அவர் முன்மொழிந்த அந்தோணி கென்னடியை அதே செனட் 1988 பிப்ரவரியில், தேர்தல் ஆண்டு பிறந்த பின்பு, 97-க்கு 0 என்ற வாக்கில் ஏற்றுக்கொண்டது. வேறுபாடு நாட்காட்டியில் இருந்திருந்தால் இவை எல்லாமே ஒரே திசையில் போயிருக்க வேண்டும். எதிர்க்கட்சி எதை விரும்பியது, எதைச் சகித்துக்கொள்ளத் தயாராக இருந்தது, எதைத் தடுக்க அதற்கு எண்ணிக்கை இருந்தது என்பவைதாம் முடிவுகளைத் தீர்மானித்தன.

எதிர்த் திசையிலிருந்து பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வருகிறேன். ஜார்ஜ் புஷ் 2004-இல் மறுதேர்தலில் வென்று, இரு அவைகளிலும் தன் கட்சியின் பெரும்பான்மையோடு இரண்டாம் பதவிக்காலத்தைத் தொடங்கினார். முதல் காரியமாக, முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் ஒரு பகுதியைத் தனியார் கணக்குகளாக மாற்ற முனைந்து நாடெங்கும் பயணம் செய்தார். அந்தத் திட்டம் எந்த அவையிலும் வாக்கெடுப்புக்குக்கூட வரவில்லை. அது அவருடைய கடைசி ஆண்டு அல்ல. நான்கு ஆண்டுகள் கையிலிருந்த 2005. மக்கள் விரும்பாத ஒன்றை, அவர்களுக்கு மிக நெருக்கமான ஓய்வூதியத்தில், செய்ய முயன்றதால் அவர் தோற்றார். கடைசி ஆண்டான 2008-லோ, 70,000 கோடி டாலர் நிதி மீட்புச் சட்டத்தை அவர் சில வாரங்களில் நிறைவேற்றினார். இந்தியாவுடனான அணுசக்தி உடன்பாட்டுக்கு ஒப்புதல் தந்த சட்டத்திலும் அதே ஆண்டு அக்டோபரில் கையெழுத்திட்டார்.

ஆனால் அந்த நிதி மீட்பு மசோதாவின் வாக்கெடுப்புக் கணக்கை நான் மறைக்கக் கூடாது, ஏனெனில் என் கருத்துக்கு எதிராக இருக்கும் வலுவான சான்று அதுதான். 2008 செப்டம்பர் 29 அன்று பிரதிநிதிகள் சபை அதை 228-க்கு 205 என்று முதலில் தோற்கடித்தது. புஷ்ஷின் சொந்தக் கட்சியினரில் 65 பேர் ஆதரித்தனர்; 133 பேர் எதிர்த்தனர். வங்கிகள் கவிழ்ந்துகொண்டிருந்த வாரத்தில், அதிபர் நேரடியாக வேண்டிக்கொண்டும், தேர்தலை ஐந்து வாரத் தொலைவில் வைத்துக்கொண்டிருந்த அவர் கட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவர் பக்கம் திரும்பவில்லை. அன்று பங்குச் சந்தை சரிந்த பிறகுதான், அக்டோபர் 3 அன்று, மசோதா நிறைவேறியது. அப்போதும் அதைத் தாங்கியவை பெரும்பாலும் எதிர்க்கட்சியின் வாக்குகள். சொந்தக் கட்சியை இணங்கவைக்கும் ஆற்றல் கடைசி ஆண்டில் வற்றிப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி தேவையில்லை. இந்த அளவுக்கு மற்றவர்களின் கருத்தை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

நியமனங்களிலும் காலம் பேசுகிறது, ஆனால் எதிராளியின் வாய் வழியாக. லிண்டன் ஜான்சன் 1968 மார்ச் 31 அன்று மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். நான்காம் நாள் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார். ஏப்ரல் 11 அன்று, வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டார். அதே ஆண்டில் அவர் ஏப் ஃபோர்ட்டஸைத் தலைமை நீதிபதியாக்க முயன்றபோது, போகப் போகும் அதிபர் இந்த இடத்தை நிரப்பக் கூடாது என்ற வாதத்தை எதிர்த்தரப்பு கையிலெடுத்து, செனட்டில் விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்தடித்து அந்த நியமனத்தை வீழ்த்தியது. 2016-இல் இதன் முழு வடிவத்தைப் பார்த்தோம். பிப்ரவரி 13 அன்று நீதிபதி அந்தோனின் ஸ்காலியா மறைந்தார். மார்ச் 16 அன்று ஒபாமா மெரிக் கார்லண்டை முன்மொழிந்தார். குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையில் இருந்த செனட் அவரை விசாரணைக்குக்கூட அழைக்கவில்லை. தேர்தல் ஆண்டில் கென்னடிக்குக் கிடைத்தது கார்லண்டுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், காத்திருக்க விரும்புகிறவர்களுக்கு நாட்காட்டி ஒரு சாக்கைக் கொடுக்கிறது, அந்தச் சாக்கைப் பயன்படுத்தத் தேவையான வாக்குகள் அவர்களிடம் இருந்தன என்பதே என் பதில்.

அந்தக் காலி இருக்கைக்கு விலை கொடுத்தவர்கள் நீதிமன்றத்துக்கு வெளியே இருந்தார்கள். 2014 நவம்பரில், குடியுரிமை பெற்ற அல்லது நிரந்தர வசிப்புரிமை பெற்ற பிள்ளைகளின் பெற்றோரில் ஆவணமின்றி வாழும் 40 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை நாடுகடத்தலிலிருந்து தற்காலிகமாகக் காக்கும் திட்டத்தை ஒபாமா அறிவித்திருந்தார். அதை டெக்சாஸ் கூட்டரசு நீதிமன்றம் நிறுத்திவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்து, 2016 ஜூன் 23 அன்று 4-க்கு 4 என்று சமமாகப் பிரிந்ததால், கீழ் நீதிமன்றத்தின் தடையே நிலைத்தது. ஒன்பதாவது நாற்காலி காலியாக இருந்தது. அந்தப் பெற்றோரைப் பற்றி நினைக்கும்போது, அதிபரின் பலம் குறைவது ஏதோ வாஷிங்டன் செய்தியாளர்களின் அரட்டைப் பொருள் என்று என்னால் எண்ண முடியவில்லை.

வெளிநாட்டு உறவில் நிலைமை இன்னும் சிக்கலானது. அங்கே அதிபரின் கை காங்கிரஸால் அவ்வளவாகக் கட்டப்படவில்லை என்பதால், கடைசிக் கட்டத்தில் எல்லோரும் வெளிநாட்டுப் பக்கம் திரும்புகிறார்கள். ஒபாமாவின் கியூபா உறவுப் புதுப்பிப்பும், ஈரான் அணு உடன்பாடும், பாரிஸ் பருவநிலை உடன்பாடும் 2014 தேர்தல் தோல்விக்குப் பிறகு பதினான்கு மாதங்களுக்குள் வந்தவை. ஆனால் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த 2015 மார்ச்சிலேயே, குடியரசுக் கட்சியின் 47 செனட்டர்கள் ஈரான் தலைவர்களுக்குத் திறந்த மடல் எழுதி, அடுத்த அதிபர் ஒரே கையெழுத்தில் இதை இரத்து செய்யலாம் என்று நினைவூட்டினார்கள். அதுவே நடந்தது, 2018 மே மாதம் டிரம்ப் அதிலிருந்து விலகினார். ரீகனின் ஏவுகணை ஒப்பந்தம் செனட்டின் ஒப்புதல் பெற்றதால் 2019 வரை, அதாவது அவருக்குப் பின் வந்த நான்கு அதிபர்களைக் கடந்து, நின்றது. மேசையின் மறுபக்கத்தில் இருப்பவர்களும் நாள் எண்ணுகிறார்கள் என்பதற்கு பில் கிளின்டனின் கடைசி மாதம் சாட்சி. 2000 டிசம்பர் 23 அன்று இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் இடையிலான இறுதி உடன்பாட்டுக்கான வரையறைகளை அவர் முன்வைத்தபோது அவருக்கு இருந்தது நான்கே வாரம். இரு தரப்பும் எகிப்தின் டாபாவில் மறுபடி சந்தித்துப் பேசத் தொடங்கிய நாளில் அவர் முன்னாள் அதிபராகியிருந்தார்.

இனி, செய்தித்தாள்களின் முதல் பக்கத்தில் அதிகம் இடம்பெறாத பகுதிக்கு வருகிறேன். அமெரிக்க அரசுத் துறைகள் ஒரு விதியை உருவாக்க வேண்டுமானால், வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் கருத்துகளைப் பெற்று, அவற்றுக்குப் பதில் எழுதி, பிறகே இறுதி விதியை அரசிதழில் வெளியிட வேண்டும். மெதுவான, களைப்பூட்டும் வேலை. கடைசி ஆண்டில் ஓர் அதிபர் எவ்வளவு சாதிப்பார் என்பதை இந்த வேலையை அவர் எப்போது தொடங்கினார் என்பதுதான் பெரிதும் தீர்மானிக்கிறது என்று நம்புகிறேன். என் நம்பிக்கைக்குக் காரணம் அமெரிக்காவில் படிக்கும் நம் மாணவர்கள் நன்கறிந்த ஓ.பி.டி. பணி அனுமதியின் வரலாறு.

அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் பட்டம் பெறும் வெளிநாட்டு மாணவர்களுக்கு, வழக்கமான 12 மாதப் பணி அனுமதிக்கு மேல் 17 மாதம் நீட்டிப்புத் தரும் விதி 2008 ஏப்ரலில், புஷ்ஷின் கடைசி ஆண்டில் வந்தது. அவசரம் என்று சொல்லி, முன்கூட்டியே பொதுமக்கள் கருத்தைக் கேட்காமல் அதை நடைமுறைப்படுத்தினார்கள். அந்தக் குறையே ஏழாண்டு கழித்து அதன் கழுத்தைப் பிடித்தது. 2015 ஆகஸ்டில் வாஷிங்டனில் உள்ள கூட்டரசு நீதிமன்றம், உரிய நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று அந்த விதியை இரத்து செய்து, புதிய விதி கொண்டுவர அரசுக்கு அவகாசம் மட்டும் தந்தது. நம் ஊர்களிலிருந்து கடன் வாங்கிப் படிக்கச் சென்றிருந்த பல்லாயிரம் பிள்ளைகள் அந்த மாதங்களைக் கலக்கத்துடன் கழித்தார்கள். அரசு அந்த அக்டோபரில் வரைவை வெளியிட்டது, கருத்துகளைப் பெற்றது, 2016 மார்ச்சில், ஒபாமாவின் கடைசி ஆண்டில், நீட்டிப்பை 24 மாதமாக உயர்த்தி இறுதி விதியை வெளியிட்டது. அந்த விதியையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2022-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது செல்லும் என்றது, அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. இரண்டு விதிகளும் கடைசி ஆண்டில் பிறந்தவையே. ஒன்று விழுந்ததற்கும் மற்றொன்று நின்றதற்கும் காரணம் அவை எழுதப்பட்ட முறை. 60 நாள் அவகாச விதியின் வரைவும் 2015 டிசம்பர் 31 அன்றே வெளியாகியிருந்தது. இறுதி வடிவம் பெற அதற்குப் பத்து மாதத்துக்கு மேல் ஆயிற்று. நாற்பது இலட்சம் பெற்றோருக்கான திட்டமோ இந்த நடைமுறையின்றி ஒரு துறைச் சுற்றறிக்கையாகவே வெளியிடப்பட்டது. கீழ் நீதிமன்றம் அதை நிறுத்தியதும் அந்தக் காரணத்தைக் கொண்டுதான்.

முறையாக எழுதினாலும் காலம் தாழ்த்தினால் ஆபத்து உண்டு. 1996-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, ஆட்சியின் முடிவில், காங்கிரஸின் கடைசி 60 அமர்வு நாட்களுக்குள் வெளியாகும் விதிகளைப் புதிய காங்கிரஸ் சாதாரணப் பெரும்பான்மையிலேயே நீக்கிவிட முடியும். அப்படி நீக்கப்பட்ட விதியை அதே வடிவில் மறுபடி கொண்டுவரவும் முடியாது. 2017-இன் முதல் மாதங்களில் ஒபாமா காலத்து விதிகளில் 14 இப்படி நீக்கப்பட்டன. நிலக்கரிச் சுரங்கக் கழிவிலிருந்து ஓடைகளைக் காக்க 2016 டிசம்பரில் வெளியான விதி அவற்றில் ஒன்று. பல ஆண்டுகள் உழைத்து எழுதிய விதியைக் கடைசி மாதத்தில் வெளியிட்டு இழந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. ஏழு மாதம் முன்னதாக வந்திருந்தால் அது அவ்வளவு எளிதாகப் போயிருக்காது.

தேர்தல் முடிந்து, அடுத்தவர் யார் என்று தெரிந்த பிறகான காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980-இல் தோற்ற ஜிம்மி கார்ட்டர், டிசம்பர் 2 அன்று அலாஸ்காவில் பத்துக் கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பாதுகாக்கும் சட்டத்திலும், ஒன்பது நாள் கழித்து நச்சுக் கழிவு நிலங்களைத் தூய்மைப்படுத்தும் சட்டத்திலும் கையெழுத்திட்டார். ரீகன் வருவதற்குள் கிடைப்பதைப் பெற்றுக்கொள்வோம் என்று காங்கிரஸில் இருந்த அவர் கட்சியினர் இறங்கிவந்ததால் அலாஸ்கா சட்டம் சாத்தியமாயிற்று. 1801-இல், தோல்வியடைந்த ஜான் ஆடம்ஸ் தன் கடைசி வாரங்களில் ஜான் மார்ஷலைத் தலைமை நீதிபதியாக்கினார்; மார்ஷல் 1835 வரை அந்தப் பதவியில் இருந்தார். அதிகாரம் இருப்பதாலேயே அது நல்வழியில் செல்லும் என்பதில்லை. கிளின்டன் தன் கடைசி நாளில், வரி ஏய்ப்பு வழக்கிலிருந்து வெளிநாட்டுக்குத் தப்பியிருந்த மார்க் ரிச்சுக்கு மன்னிப்பு வழங்கினார். ஜேம்ஸ் புக்கானனோ, 1860 டிசம்பரில் தென் கரோலினாவும் அடுத்த ஏழு வாரங்களுக்குள் மேலும் ஆறு மாநிலங்களும் பிரிந்தபோது, பிரிவது சட்டவிரோதம் என்றும் அதைத் தடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் சொல்லிவிட்டு மார்ச் 4 வரை உட்கார்ந்திருந்தார். பதவியேற்பை மார்ச்சிலிருந்து ஜனவரி 20-க்கு மாற்றிய 20-ஆவது திருத்தம் வர 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டு முறை என்ற வரம்பை நீக்கினால் அதிபரின் கடைசி ஆண்டுகள் பலப்படும் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். ரீகனே அதை நீக்க வேண்டும் என்ற கருத்தைக் கொண்டிருந்தார். நான் உடன்படவில்லை. அப்படியொரு வரம்பே இல்லாத காலத்தில், 1936-இல் 48 மாநிலங்களில் 46-ஐ வென்ற ரூஸ்வெல்ட், செனட்டில் தன் கட்சிக்கு நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இருந்த நிலையில், உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் மூன்றாம் முறையும் நிற்கக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். 1937 ஜூலை 22 அன்று அந்த செனட் 70-க்கு 20 என்ற வாக்கில் மசோதாவைக் குழுவுக்கே திருப்பி அனுப்பிவைத்தது. அடுத்த ஆண்டு, தன்னை எதிர்த்த சொந்தக் கட்சி செனட்டர்களை உட்கட்சித் தேர்தல்களில் தோற்கடிக்க அவரே ஊர் ஊராகச் சென்றார். அவர்களில் பெரும்பாலோர் வென்று மறுபடியும் செனட்டுக்கு வந்தார்கள்.